வாடகை வீட்டில் குடியிருப்பவர் புதிய மின்கார் வாங்கலாமா, பழைய ஸ்விஃப்ட்டையே எடுத்துவிடலாமா?

கேள்வி: ஈரோட்டு ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் குடியிருந்து, பெருந்துறையில் உள்ள ஒரு பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். போக 20, வர 20 என நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் பயணம். பதினோரு ஆண்டுகளாக இருசக்கர வண்டியிலேயே சென்று வந்தேன். சென்ற மழைக்காலத்தில் வண்டி வழுக்கி விழுந்ததில் முழங்காலில் அடிபட்டு, ஆறு வாரம் படுக்கையில் இருக்க நேர்ந்தது. அதன்பிறகு மனைவி கார் இல்லாமல் இனி வேலைக்கு அனுப்புவதில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல் கார். அம்மா திண்டுக்கல்லில் தனியாக இருக்கிறார்; மாதம் ஒருமுறை கொடுமுடி, கரூர், அரவக்குறிச்சி வழியாக மனைவியையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு போய்வர வேண்டும். அது ஒரு வழிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். எல்லாம் சேர்த்தால் மாதம் 1,300 கிலோமீட்டர் ஓட்டம் வரும்.

கையில் சேமிப்பாக 4 லட்சம் ரூபாய் இருக்கிறது. என் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, டாடா டியாகோ மின்காரில் 24 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட வகை. சாலை வரி விலக்குப் போக, காப்பீடு சேர்த்து ஏறத்தாழ 10.75 லட்சம் ஆகும் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். மீதிப் பணத்துக்கு 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடன் வாங்க வேண்டும். இன்னொன்று, பக்கத்துத் தெருக்காரரின் உறவினர் விற்கும் 2014 ஸ்விஃப்ட் பெட்ரோல் கார். 72,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, 3.60 லட்சம் சொல்கிறார். கடனே தேவைப்படாது.

மின்காரின் ஓட்டச் செலவு மிகக் குறைவு என்று எல்லோரும் சொல்வதால் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு என்று நண்பர் ஒருவரும் சொன்னார். ஆனால் நாங்கள் இருப்பது வாடகை வீடு. மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரர். எங்களுக்குத் தனி மீட்டர் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் அளவில் ஓடுகிறது. கார் நிறுத்தும் இடம் கீழே வாசலை ஒட்டி இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் என் நிலையில் வைத்துப் பார்த்து வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: கோவை, மின்கார் உரிமையாளர்

வணக்கம் ஆசிரியரே. நீங்கள் கேட்கும் அதே வகைக் காரை இரண்டரை ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். முதலில் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கார் வந்தபோது, முழு சார்ஜில் 315 கிலோமீட்டர் ஓடும் என்றுதான் நிறுவனம் சொன்னது. அது சோதனைக்கூடக் கணக்கு. ஏசி போட்டுக்கொண்டு நகருக்குள் ஓட்டினால் எனக்கு 210 வரை கிடைக்கிறது, நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டாமல் போனால் 180 கிடைக்கிறது, 100-இல் விரட்டினால் அதுவும் குறைந்துவிடுகிறது. ஆகவே உங்கள் பெருந்துறைப் பயணத்துக்கு எந்தக் கவலையும் வேண்டாம்; மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டாலே போதும். திண்டுக்கல்லுக்கு ஒரே மூச்சில் போய்ச் சேரலாம். ஆனால் சேரும்போது கால் பங்குக்கும் குறைவாகத்தான் மீதம் இருக்கும் என்பதால், அம்மா வீட்டில் இரவு முழுவதும் சார்ஜ் ஏறினால்தான் மறுநாள் திரும்ப முடியும். இதே காரின் 19.2 கிலோவாட் மணி வகையை விலை குறைவு என்று தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள், உங்கள் திண்டுக்கல் பயணத்துக்கு அது காணாது.

கரூர்ப் பக்கம் வேக சார்ஜர்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் அவற்றை நம்பி மட்டும் கிளம்பக் கூடாது. ஒருமுறை குடும்பத்தோடு போகும்போது, செயலியில் வேலை செய்வதாகக் காட்டிய சார்ஜர் நேரில் போய்ப் பார்த்தால் அணைந்து கிடந்தது. அடுத்த இடத்துக்கு ஏசியை நிறுத்திவிட்டு, 50-இல் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். அன்று குழந்தை வியர்த்துப் போய் அழுததை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு, சேரும் இடத்தில் பிளக் உறுதியாக இருக்கும் ஊருக்கு மட்டுமே அந்தக் காரை எடுத்துப் போகிறேன்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். காரோடு தரும் சார்ஜரை நாம் ஏசிக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக்கிலேயே செருகலாம். ஏறக்குறைய வெறும் பேட்டரி நிறைய ஒன்பது மணி நேரம் பிடிக்கும். பிளக் இருந்தால் மட்டும் போதாது, எர்த் சரியாக இருக்க வேண்டும். எர்த் இல்லாத இடத்தில் அந்தச் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வேலை செய்ய மறுத்துவிடும், அது நம் பாதுகாப்புக்காகத்தான். என் மாமனார் வீட்டில் இப்படித்தான் ஆயிற்று. பழைய வீடு, எர்த் கம்பி எங்கோ அறுந்து இருபது ஆண்டுகள் ஆகியிருக்கும்போல, யாருக்கும் தெரியவே இல்லை. புதிதாகக் குழி தோண்டி எர்த் போட்ட பிறகுதான் சார்ஜ் ஏறியது. உங்கள் ஈரோட்டு வீடு, அம்மாவின் திண்டுக்கல் வீடு இரண்டிலும் எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிட்டு, மீட்டரிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை தனிக் கம்பியும், அதற்கென்று தனி பிரேக்கரும் போடச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் இதற்குச் சம்மதிக்கவில்லையென்றால் மின்காரை மறந்துவிடுவதே நல்லது. பொது சார்ஜரை மட்டும் நம்பி மின்கார் வைத்திருந்தால், நேரமும் வீண், மிச்சமும் இருக்காது.

பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறது. என் காரில் இதுவரை ஓட்டத்தில் உணரத்தக்க குறைவு ஏதும் இல்லை. சர்வீஸ் செலவும் பெட்ரோல் காரை ஒப்பிட்டால் அற்பம்தான். எஞ்சின் ஆயில் இல்லை, கிளட்ச் இல்லை, பிரேக் கட்டைகூட மெதுவாகத்தான் தேய்கிறது.

மறுமொழி 2: சேலம், பட்டறை வைத்திருப்பவர்

ஐயா, முப்பது ஆண்டுகளாகக் கார் பட்டறை நடத்துகிறேன். பழைய காருக்குப் பரிந்து பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள், ஆனால் அந்த 2014 காரை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். அந்த எஞ்சினை நான் குறை சொல்லமாட்டேன். சரியான நேரத்தில் ஆயில் மாற்றியிருந்தால் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போனாலும் சலிக்காது. நான் தயங்குவது வேறு காரணத்துக்காக. அந்த ஆண்டு வந்த கார்களில் கீழ்நிலை, நடுத்தர வகைகள் பலவற்றில் ஏர்பேக்கும் இருக்காது, பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் இருக்காது. நம் நாட்டில் எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019-இல்தான். முன் இருக்கைகள் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது அதற்கும் பின்னால், 2021-இல். மழையில் வழுக்கி விழுந்த பயத்தினால் கார் வாங்குகிறீர்கள். ஈரச் சாலையில் பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் காரில், குழந்தையை உட்கார வைத்து மாதந்தோறும் 280 கிலோமீட்டர் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்விஃப்ட்டே வேண்டுமென்றால் 2018 பிப்ரவரியில் வந்த புதிய வடிவத்தைத் தேடுங்கள். அதில் கடைசி வகை வரைக்கும் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு. ஒன்று, ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுக்கலாம். இன்னொன்றும் பாருங்கள். 2014-இல் பதிவான காருக்கு 2029-இல் பதினைந்து ஆண்டு முடிந்து, பதிவைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காரைக் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். நீங்கள் தவணையில்லாமல் நிம்மதியாக ஓட்ட நினைக்கும் ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே அந்த வேலை வந்துவிடும்.

பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருவதும் பழைய கார்களுக்குக் கொஞ்சம் பாதகம்தான். 10 விழுக்காட்டுக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லியிருந்தார்கள். ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் வாங்கியவுடன் ஒருமுறை பார்த்து மாற்றிவிடுவது நல்லது.

எந்தப் பழைய காரைப் பார்க்கப் போனாலும், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய் நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். உரிமையாளர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் குறைகள் மறைந்துவிடும். ஓட்ட மீட்டரை நம்பாதீர்கள். கிளட்ச் பெடலின் ரப்பர், ஸ்டியரிங் தோல், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதும், சர்வீஸ் ரசீதுகளில் தேதிவாரியாகப் பதிந்திருக்கும் கிலோமீட்டரும்தான் உண்மையைச் சொல்லும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும், கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும்; ஆறு ஆண்டு தாண்டிய டயர் என்றால் விலையில் கழித்துப் பேசுங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால், 2015 சென்னை வெள்ளத்திலோ 2023 டிசம்பர் வெள்ளத்திலோ மூழ்கிய காராக இருக்கலாம். அப்படிப்பட்ட கார்களை வெளியில் மெழுகு பூசிப் பளபளப்பாக்கி உள் மாவட்டங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் ஒயரிங் ஒவ்வொன்றாகப் போகும். என் பட்டறைக்கு அப்படி வந்த ஒரு காருக்கு, வாங்கிய விலையில் பாதி செலவான பிறகும் முழுமையாகச் சரியாகவில்லை.

ஈரோட்டு ஆசிரியர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏர்பேக் விஷயம் என் கவனத்துக்கு வரவே இல்லை. விற்பவரிடம் கேட்டேன், இரண்டுமே அந்தக் காரில் இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஆகவே 2014 காரை விட்டுவிட்டேன். 2018 டிசம்பரில் பதிவான ஒரு ஸ்விஃப்ட் பவானியில் 5 லட்சத்துக்கு இருக்கிறது, முதல் உரிமையாளர், 58,000 கிலோமீட்டர். இதற்கு ஒரு லட்சம் மட்டும் கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கினால் போதும். ஆனாலும், மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் பெட்ரோலுக்குக் கொடுப்பதைவிட அதையே மின்காருக்குத் தவணையாகக் கட்டிவிடலாமே என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மறுமொழி 3: கரூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலில் மின்சாரம். நூறு கிலோமீட்டருக்குச் சார்ஜ் ஏறும்போது ஆகும் விரயத்தையும் சேர்த்து 14 யூனிட் என்று வைத்துக்கொண்டால், அம்மா வீட்டில் ஏற்றுவது போக உங்கள் மீட்டரில் இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் கூடும். ஏற்கெனவே 380 ஓடுகிறது, ஆக 700. இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள். வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளில் கிடைத்துவந்த சலுகையும் குறைந்துவிடும், மேலே போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை கூடிக்கொண்டே போகும். 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 காசு, 601 முதல் 800 வரை 9 ரூபாய் 65 காசு. இப்போது உங்களுக்கு ஏறத்தாழ 1,100 ரூபாய் வரும் கரண்ட் பில், கார் வந்த பிறகு 3,900 ஆகும். அதாவது காருக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டும் உங்களுக்கு ஏறத்தாழ 8 ரூபாய் 75 காசு அடக்கம். அப்படியும் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 25 காசுதான் ஆகிறது. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், மைலேஜ் 15 என்று கொண்டால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 75 காசு. வித்தியாசம் ஐந்தரை ரூபாய், மாதம் 1,300 கிலோமீட்டருக்கு 7,150 ரூபாய் மிச்சம். இது மறுக்க முடியாத மிச்சம்தான்.

ஆனால் 6.75 லட்சத்துக்கு 9 விழுக்காட்டில் ஐந்தாண்டுத் தவணை மாதம் 14,000 ரூபாய். மிச்சமாகும் பெட்ரோல் பணம் அதில் பாதியைத்தான் கட்டும். மற்றப் பாதி உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும், ஐந்தாண்டில் வட்டியாக மட்டும் 1.66 லட்சம் போய்விடும். மொத்தமாகப் பார்த்தால் ஐந்தாண்டில் 78,000 கிலோமீட்டர் ஓட்டுவீர்கள். மின்காருக்கு, முதலும் வட்டியும் மின்சாரமும் சேர்த்து 13.40 லட்சம். 2018 ஸ்விஃப்ட்டுக்கு, விலை 5 லட்சம், பெட்ரோல் 5.25 லட்சம், டயர், கிளட்ச், சஸ்பென்ஷன் என்று ஆண்டுக்கு 25,000 வைத்தால் 1.25 லட்சம், ஆக 11.50 லட்சம், சங்கக் கடனின் வட்டி தனி. மேலும் புதிய காருக்கு முழுக் காப்பீடு ஆண்டுதோறும் கூடுதலாக வரும். ஐந்தாண்டுக்குப் பிறகு ஸ்விஃப்ட் 2 லட்சத்துக்குப் போனால், மின்கார் குறைந்தது 4 லட்சத்துக்கு விற்றால்தான் இரண்டும் சமமாகும். பழைய மின்கார்களுக்கு அப்போது என்ன விலை இருக்கும் என்பதை இன்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள் மாதம் 1,300-க்குப் பதில் 2,000 கிலோமீட்டர் ஓட்டுபவராக இருந்திருந்தால், யோசிக்காமல் மின்காரை எடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

நண்பர் சொன்ன வரிக் கழிவு வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவின்படி இருந்தது உண்மை. ஆனால் 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் 31 வரை ஒப்புதல் பெற்ற கடன்களுக்கு மட்டுமே அது பொருந்தும். இப்போது வாங்கும் கடனுக்குக் கிடையாது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஸ்விஃப்ட்டை எடுப்பதாக முடிவு செய்தால், ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில், கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கடனை அடைத்திருந்தாலும் பெயரை நீக்காமல் விட்டிருப்பார்கள், அந்தப் பெயரை நீக்குவதற்கான 35-ஆம் எண் படிவத்தையும் வங்கியின் தடையில்லாச் சான்றையும் வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. உரிமை மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்து வாங்கி முப்பது நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். காப்பீட்டையும் அதோடு மாற்றிக்கொள்ள வேண்டும். விற்பவருடைய நோ கிளைம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு, உங்களுக்கு வராது. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருப்பதால், விற்பவரே உங்களை அவசரப்படுத்துவார். அவர் தாமதித்தால்தான் ஏதோ சிக்கல் இருக்கிறது என்று பொருள்.

மறுமொழி 4: மதுரை

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறதே. இரண்டு, மூன்று ஆண்டு ஓடிய அதே மின்காரை இப்போது கணிசமாகக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். முதல் உரிமையாளர் விலைச்சரிவின் பெரும்பகுதியைச் சுமந்துவிட்டதால், எனக்குத் தவணை பாதியாகிவிட்டது. ஆனால் பேட்டரி உத்தரவாதம் இரண்டாம் உரிமையாளருக்கு எந்த வரம்போடு தொடர்கிறது என்பதை நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரியின் நிலையைச் சர்வீஸ் மையத்தில் சோதித்து அறிக்கை தரச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

ஈரோட்டு ஆசிரியர்

எல்லோருடைய மறுமொழிகளையும் அச்செடுத்து மனைவியோடு உட்கார்ந்து படித்தேன். சனிக்கிழமை எலக்ட்ரீசியனை அழைத்து இந்த வீட்டைப் பார்க்கச் சொன்னேன். எர்த் இருக்கிறது, ஆனால் சரியாக இல்லை. புதிதாகப் போட்டு, வாசல் வரை தனிக் கம்பி இழுக்க வேண்டும் என்றார். வீட்டுக்காரரிடம் கேட்டபோது அவர் முகம் கொடுத்துத்தான் பேசினார், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு மகனுக்குத் திருமணமானால் மாடி தேவைப்படலாம், அதனால் சுவரை உடைத்துச் செலவு செய்ய வேண்டாமே என்று சொன்னார். எங்கள் வாடகை ஒப்பந்தமும் பதினோரு மாதத்துக்குத்தான். அடுத்து எந்த வீட்டுக்குப் போவோம், அங்கே கீழே நிறுத்த இடமும் பிளக்கும் இருக்குமா என்று தெரியாத நிலையில், ஐந்தாண்டுத் தவணைக்கு ஒப்புக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. மதுரை நண்பர் சொன்ன வழியும் இதே இடத்தில்தான் தடைப்படுகிறது.

பெருந்துறையில் பள்ளிக்குப் பின்புறம் இரண்டரை சென்ட் மனை வாங்கிப் போட்டிருக்கிறோம். வீடு கட்டும்போது கார் நிறுத்துமிடத்துக்குத் தனிக் கம்பியும் எர்த்தும் போட்டுவிட வேண்டும் என்று மனைவி இப்போதே குறித்து வைத்துக்கொண்டார்.

பவானி ஸ்விஃப்ட்டைப் பார்க்க ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வருவதாகச் சொல்லி, அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்த மெக்கானிக் ஒருவர் உடன் வருகிறார். சேலத்து ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்தக் காரின் முன் டயர் இரண்டிலும் 1118 என்ற எண்தான் இருக்கிறது என்று உரிமையாளர் படம் அனுப்பியிருக்கிறார். அப்படியென்றால் கார் வந்தபோது இருந்த அதே டயர்கள்தானே? விலையில் எவ்வளவு கழித்துக் கேட்கலாம்?

மறுமொழி: சேலம், பட்டறை வைத்திருப்பவர்

ஆம், 2018-ஆம் ஆண்டின் பதினொன்றாம் வாரத்தில் செய்த டயர்கள். கார் டிசம்பரில்தானே பதிவாகியிருக்கிறது? அது தயாரான மாதம் ஆர்.சி.யில் இருக்கும், பாருங்கள். டயர் அதற்கு ஏழெட்டு மாதம் முந்தியதாக இருந்தால், இடையில் யாரோ பழைய டயரை மாற்றிப் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. பின் டயர்களின் எண்ணையும் உதிரி டயரின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். எப்படியிருந்தாலும் நான்கையும் மாற்றியாக வேண்டும். நல்ல நிறுவனத்தின் நான்கு டயர், அலைன்மென்ட், பாலன்சிங் எல்லாம் சேர்த்து ஈரோட்டிலேயே இரண்டு கடையில் விலை கேட்டு, அந்தத் தொகையை முழுவதுமாகக் கழித்துக் கேளுங்கள். திண்டுக்கல்லுக்குப் போவதற்கு முன் டயரை மாற்றிவிடுங்கள் ஐயா, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.